ஒரே புளிப்பாகிப் போன சினிகாங்

ஃபிலிப்பைன்ஸ் நாட்டுச் சமையலைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர், சினிகாங் என்னும் புளிக்குழம்பை 'அவர்களுடைய புளி ரசம்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். வசதியான விளக்கம்தான். ஆனால் அந்த ஒரு வரிக்குள் ஒரு டஜன் மரங்கள் காணாமற்போய்விடுகின்றன என்பதே என் மனக்குறை.

மீனோ, இறாலோ, பன்றியிறைச்சியோ, கையிலிருக்கும் கீரை காய்களோடு வெந்து, ஏதேனும் ஒரு புளிப்பினால் நிறைவு பெறுவது சினிகாங். அந்த 'ஏதேனும் ஒன்று' எது என்பதை ஊரும் பருவமும் கொல்லைப்புற மரமும் தீர்மானித்து வந்தன. அந்நாட்டின் உணவு எழுத்துக்கு இலக்கியத் தகுதி தேடித்தந்த டோரீன் ஃபெர்னாண்டஸ் (1934–2002), 'சினிகாங் ஏன்?' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். உலகமெல்லாம் பெயர்பெற்ற அடோபோவை ஒதுக்கிவிட்டு, தம் மக்களின் நாவை மிகச் சரியாகப் பிரதிநிதிப்படுத்துவது சினிகாங்கே என்று வாதிட்டார். அவர் சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன். அப்படியானால் அந்தப் புளிப்பு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை அற்பமானதென்று ஒதுக்க முடியாது.

காமியாஸை எடுத்துக்கொள்வோம். மலையாளிகள் இரும்பன்புளி என்று சொல்லும் அதே காய். அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்ப்பது. மீனுக்கு இதைப்போல் இசைவது வேறில்லை என்பார்கள். உலர்த்தியும் வைத்துக்கொள்வார்கள். கொய்யாவையும் புளிப்புக்கெனச் சேர்ப்பதுண்டு. பம்பாங்கா பகுதியினரின் புலாங்லாங் என்ற குழம்பு பழுத்த கொய்யாவின் மணத்தோடு, புளிப்புக்கும் இனிப்புக்கும் இடையில் எங்கோ நிற்கும். இலைகளும் இந்தப் பணியைச் செய்வதுண்டு: இளம் புளியந்தளிர், மந்தாரை இனத்தைச் சேர்ந்த அலிபாங்பாங், லிபாஸ் மரத்தின் துளிர். மிந்தனாவோ தீவின் வடபகுதியில், சமைக்காத மீனைக் காடியில் ஊறவைக்கும் கினிலாவில் தாபோன்-தாபோன் காயைத் துருவிப் பிழிந்து சேர்க்கிறார்கள். அது புளிப்பைக் காட்டிலும் துவர்ப்பையே தருவது. மீனின் கவிச்சியை அடக்குவது. பூத்துவானில் நடந்த அகழாய்வில், ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள மண்ணிலிருந்து, பாதியாக வெட்டப்பட்ட தாபோன்-தாபோன் ஓடுகளும் மீன் எலும்புகளும் சேர்ந்தே கிடைத்திருக்கின்றன. ஒரு சமையற்குறிப்புக்கு இதைவிடப் பழைய ஏடு வேண்டுமா?

எனக்கு மிகவும் கவலை தருவது பாத்வான். பனாய், நேக்ரோஸ் தீவுகளின் பச்சை நிறச் சிறு காய். நம் குடம்புளியின் நெருங்கிய உறவு. துவரை, பன்றியிறைச்சி, பலாக்காய் மூன்றும் சேர்ந்த ஒரு குழம்பு இலோங்கோ மக்களின் பெருமிதம். (நாம் உடைத்துப் பருப்பாக்கும் துவரையை அவர்கள் முழு மணியாகவே வேகவைக்கிறார்கள்.) அந்தக் குழம்புக்குப் பாத்வான்தான் உயிர். ஆனால் இந்த மரத்தைத் தோப்பு வைத்துப் பயிரிடுவோர் அரிது. காட்டோரத்திலும் வீட்டுக் கொல்லையிலும் தானாக வளர்ந்து நிற்பதே அதிகம். அடுப்படி கேட்பதை நிறுத்திவிட்டால், அதை வெட்டாமல் விட்டுவைக்க நிலத்துக்காரருக்கு என்ன காரணம் இருக்கப்போகிறது?

அடுப்படி கேட்பதை நிறுத்திக்கொண்டுதான் வருகிறது. இன்று நகரத்துக் கடைகளில் சினிகாங் ஒரு பொட்டலத்தில் கிடைக்கிறது. சம்பாலோக், அதாவது புளி, என்று மேலே எழுதியிருக்கும். பெரும்பாலானவற்றில் புளிப்பின் பெரும்பங்கைச் சுமப்பது சிட்ரிக் அமிலம். ஒருவகைக் கரும்பூஞ்சையைச் சர்க்கரைக் கரைசலில் வளர்த்து இந்த அமிலத்தை எடுக்கும் தொழில் 1919இல் தொடங்கியது. புளியின் புளிப்போ டார்டாரிக் அமிலத்தினுடையது. காமியாஸின் கூர்மையில் ஆக்சாலிக் அமிலத்துக்குப் பங்குண்டு. ஆகவே 'எல்லாம் புளிப்புத்தானே' என்ற சமாதானம் நாக்கின் முன்னும் எடுபடாது, வேதியியலின் முன்னும் எடுபடாது.

பொட்டலத்தை வாங்கும் பெண்களை நான் குறை சொல்லவில்லை. மணிலாவில் ஏழாம் மாடியில் குடியிருப்பவருக்குக் கொல்லை ஏது? வளைகுடாவில் பணிபுரியும் செவிலிக்கு அந்தப் பொட்டலமே ஊர். என் வழக்கு, சமையற்குறிப்பு எழுதுகிறவர்களோடுதான். 'புளி, கிடைக்காவிடில் எலுமிச்சை' என்று எழுதிவிட்டு மேலே போய்விடுகிறார்களே, அவர்களோடு.

'எங்கள் மண்ணின் புளிப்பு' என்று இதைக் குலப்பெருமையாக்குவோரோடும் எனக்கு உடன்பாடில்லை. புளியமரம் ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்டது. கொய்யா அமெரிக்கக் கண்டத்துப் பழம். குலம் விசாரித்தால் சினிகாங்கின் பாதிச் சட்டி காலியாகிவிடும். வந்த மரமாயினும் வாசலில் நின்று பல தலைமுறைக்குக் காய் தந்தால் அது அவ்வூர் மரமே. இருந்தும் ஒரு முரணை மறைப்பதற்கில்லை: வந்தேறிய புளி பொட்டலத்தின் முகமாகிவிட, அங்கேயே தோன்றிய பாத்வானும் தாபோன்-தாபோனும் அவரவர் வட்டாரத்துக்கு வெளியே பெயர்கூடத் தெரியாதவை ஆகிவிட்டன. வயதேறியும் வசீகரம் குன்றாதவரை 'இன்னும் புளிப்பிருக்கிறது' என்று தகாலோக் மொழியில் சொல்வார்கள். புளிப்பை இப்படிக் கொண்டாடும் ஒரு மொழிக்கு, எந்தப் புளிப்பு என்று கேட்கத் தெரியாமலா போகும்?

பாத்வான் கிடைக்காத ஊரில் அந்தத் துவரைக் குழம்பைச் செய்ய விரும்பும் நம்மவருக்கு ஒரு வார்த்தை. எலுமிச்சையை விட்டுவிட்டுக் குடம்புளியைப் போட்டுப் பாருங்கள். புகையில் உலர்த்தியதாதலால் குழம்பில் அந்த வாசனை ஏறும். ஆகவே குறைவாகப் போடுங்கள். விருந்தினருக்குப் பரிமாறும்போது, இதில் சேர வேண்டியது பாத்வான் என்ற காய், இன்று போட்டிருப்பது குடம்புளி என்று சொல்லிவிட்டுப் பரிமாறுங்கள்.