நஞ்சும் வைரசும்: ஒரு கலைச்சொல்லின் வேர்ப்பொருளும் கருத்துப்பொருளும்

முன்னுரை

பிறமொழி அறிவியற்சொல்லை ஒலிபெயர்ப்பதா, மொழிபெயர்ப்பதா என்னும் வினாவே தமிழ்க் கலைச்சொல்லாக்க விவாதங்களில் முன்னிற்கிறது. மொழிபெயர்ப்பது என்று முடிவு செய்தபின் அச்சொல்லின் எப்பொருளைப் பெயர்ப்பது என்னும் வினாவும் அதற்கு இணையான கவனத்துக்குரியது. ஒரு கலைச்சொல்லுக்கு அது பிறந்த மொழியில் ஒரு வேர்ப்பொருள் உண்டு. அதை ஆளும் துறையில் ஒரு கருத்துப்பொருள் உண்டு. இவ்விரண்டும் விலகி நிற்கும்போது வேர்ப்பொருளைப் பற்றிக்கொண்டு ஆக்கப்படும் தமிழ்ச்சொல் துறைக்குத் துணையாகாது. இலத்தீனிலிருந்து உலகமொழிகள் பலவற்றுக்கும் சென்ற ‘வைரசு’ என்னும் சொல்லையும், அதற்கு ஈடாக நாம் ஆளும் ‘நச்சுயிரி’, ‘நச்சுநுண்மம்’, ‘தீநுண்மி’ முதலியவற்றையும் சான்றாகக் கொண்டு இக்கருத்து இங்கு முன்வைக்கப்படுகிறது.

இலத்தீனில் அச்சொல்

இலத்தீனில் ‘வீருசு’ என்பது அஃறிணைப் பெயர். நீர், பால் என்பன போல அளவால் உணரப்படுவதேயன்றி எண்ணப்படுவதன்று. செவ்வியல் இலத்தீன் நூல்களில் அதற்குப் பன்மை வடிவம் ஆளப்படவில்லை. பிசுபிசுப்பான நீர்மம், பாம்பு முதலியவற்றின் நஞ்சு, கடுநெடி எனப் பல பொருள்களை அது தாங்கியது. உலுக்ரீசியசு கடல்நீரின் கரிப்பையும், வெர்கில் பெண்குதிரையின் உடற்கசிவையும் அச்சொல்லால் குறித்தனர். வெறிநாயின் கடிவாயிலிருந்து உறிஞ்சி நீக்க வேண்டியதைக் கி.பி. முதல் நூற்றாண்டின் மருத்துவநூலார் செல்சசு அதே சொல்லால் சுட்டினார். நஞ்சு என்பது அப்பொருள்களுள் ஒன்றேயன்றி முழுமையன்று.

இந்தோ ஐரோப்பிய மொழியியலில் இச்சொல்லும் வடமொழி ‘விஷ’ என்பதும் ஒரே வேரின. அவ்வடசொல் ‘விடம்’ எனத் திரிந்து தமிழில் நெடுங்காலமாக வழங்குகிறது. எனவே வைரசின் உறவுச்சொல் ஒன்று, அறிவியல் வருவதற்கு முன்பே நம்மிடம் வந்து சேர்ந்திருந்தது எனலாம்.

அறிவியலில் அச்சொல்

1798ஆம் ஆண்டில் எட்வர்டு சென்னர் பசுவம்மைக் கொப்புளத்தின் தொற்றுநீரை இச்சொல்லால் குறித்தபோது, நோயைக் கடத்தும் ஏதோவொரு பொருள் என்பதே அதன் கருத்து. 1892இல் இவனோவ்சுகி, புகையிலைத் தேமல் நோயுற்ற இலைச்சாறு பாக்டீரியாவைத் தடுக்கும் பீங்கான் வடிப்பானைக் கடந்த பின்னும் நோயைத் தொற்றச் செய்வதைக் கண்டார். 1898இல் பெய்யரிங்கு அதனை உயிருள்ள தொற்றுநீர்மம் எனக் கருதினார். 1935இல் வெண்டல் சுடான்லி அதே வைரசைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். அடுத்த ஆண்டில் பாடனும் பிரியும் அதில் இரைபோநியூக்ளிக் அமிலம் இருப்பதை நிறுவினர். 1939இல் மின்னணு நுண்ணோக்கி அதன் கோல்வடிவத் துகள்களைக் காட்டியது.

இவ்வாறு ஒன்றரை நூற்றாண்டுக்குள் அச்சொல்லின் பொருள் தொற்றுநீர், வடிகட்டியைக் கடப்பது, உயிரணுவுக்குள் மட்டுமே பெருகும் மரபுப்பொருள் துகள் எனப் படிப்படியாக மாறியது. நஞ்சு என்னும் பொருள் அதில் எஞ்சவில்லை. நீர்மப்பெயராக இருந்தது எண்ணத்தகு பெயராகிப் பன்மையும் ஏற்றது. ஐரோப்பிய மொழிகளில் இம்மாற்றம் இடரின்றி நிகழ ஒரு காரணம் உண்டு. அச்சொல்லை ஆண்டோரில் பெரும்பாலோருக்கு அதன் இலத்தீன் பொருள் செவியில் ஒலிக்கவில்லை. பொருள் வெளித்தோன்றாத சொல், கருத்து வளருந்தோறும் உடன் வளர்ந்தது.

தமிழாக்கங்களின் சிக்கல்

‘நச்சுயிரி’ என்பது இரண்டு கூற்றுகளைத் தன்னுள் அடக்கியுள்ளது: அது நஞ்சுடையது, அது உயிரி. முதற்கூற்று பொருந்தாது. வைரசு பெரும்பாலும் தீங்கு செய்வது நஞ்சு சுரந்தன்று, உயிரணுவின் இயக்கத்தைத் தன் பெருக்கத்துக்குப் பயன்படுத்தியே. இரண்டாம் கூற்று இன்றும் விவாதத்துக்குரியது. ஆய்வுலகம் முடிவு செய்யாத ஒன்றைச் சொல்லின் ‘இ’கர ஈறு முடித்துவிடுகிறது. மேலும் இத்தொகையை நஞ்சுடைய உயிரி என விரித்தால் பாம்பும் தேளும் அதனுள் அடங்கும்.

துறைநூல் எழுதுவோருக்கு எழும் இடர் இதனினும் பெரிது. தொண்டை அடைப்பான் நோயில் தீங்கு செய்வது, பாக்டீரியா வெளிவிடும் நச்சு. அந்நச்சை ஆக்கும் மரபணுவோ அப்பாக்டீரியாவைத் தொற்றிய வைரசின் வழியே வருவது. இவ்வுண்மையை ‘நச்சுயிரியின் மரபணுவால் நுண்ணுயிரி நச்சை ஆக்குகிறது’ என எழுதினால், நச்சு எங்கிருந்து வந்தது என்பதையே மாணவர் பிறழ உணர்வர். நச்சுகளை ஆராயும் நச்சியலும் வைரசுகளை ஆராயும் நச்சுயிரியலும் ஒரே வேரில் பிணைந்து நிற்கின்றன. நச்சுமுறிப்பது வேறு, வைரசை எதிர்ப்பது வேறு என்னும் மருத்துவ வேறுபாடும் மங்குகிறது.

‘தீநுண்மி’ உயிரியா என்னும் வினாவைத் திறந்து வைப்பதால் மேலானது. எனினும் ‘தீ’ என்னும் அடை எல்லா வைரசுக்கும் ஒவ்வாது. பாக்டீரியாவை அழிக்கும் வைரசுகள் மனிதர்க்கு மருந்தாகவும் ஆளப்படுகின்றன. மனித மரபுத்தொகுதியில் ஏறத்தாழ 8 விழுக்காடு பண்டைய இரெட்ரோவைரசுகளின் எச்சம். அவற்றுள் ஒன்றிலிருந்து வந்த ‘சின்சைட்டின்’ என்னும் புரதம் கருப்பையில் நஞ்சுக்கொடி உருவாகத் துணைநிற்கிறது. இதனைத் தீயது எனப் பெயரிட்டு விளக்குவது அரிது. கன்று ஈன்ற பசு நஞ்சுக்கொடி போட்டதா என வினவும் உழவர் அங்கு நஞ்சு என்பதைக் கொல்லும் பொருளாகக் கொள்வதில்லை என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. வழக்கு, சொல்லை அதன் தோற்றப்பொருளிலிருந்து விடுவிக்க வல்லது.

ஒரு மறுப்பும் விடையும்

அவ்வாறாயின் நச்சுயிரியும் வழக்கால் தன் பொருளை உதறிவிடாதோ எனக் கேட்கலாம். எள்ளின் நெய்யாகிய ‘எண்ணெய்’ இன்று தேங்காயெண்ணெயையும் மண்ணெண்ணெயையும் குறிக்கிறதன்றோ? இம்மறுப்பு வலுவானது. ஆயின் எண்ணெய் பொதுப்பெயரானபோது எள்ளின் நெய்க்கு ‘நல்லெண்ணெய்’ என்னும் தனிப்பெயர் வேண்டியதாயிற்று. நச்சுயிரியிலிருந்து நஞ்சு நீங்க வேண்டுமாயின், உண்மையான நச்சுகளுக்கு வேறொரு சொல்லைத் தேட நேரும். ‘நச்சு’ அத்துறைக்கு மிகப் பொருந்திய சொல். அதனை இழப்பதற்குக் காரணமில்லை.

வேர்ப்பொருளைக் கைவிட்டுக் கருத்தைப் பெயர்த்ததில் தமிழ் முன்பே வெற்றி கண்டுள்ளது. ‘வாக்சின்’ என்பது பசுவைக் குறிக்கும் ‘வாக்கா’ என்னும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. நாம் அதைப் பசுவோடு பிணைக்காமல், செயல் நோக்கித் ‘தடுப்பூசி’ என்றோம். ஆக்சிசன் என்பதற்கு அமிலம் ஆக்குவது எனப் பொருள். எல்லா அமிலத்திலும் அது உண்டு என்னும் இலவாசியேயின் பிழைக்கருத்தை அப்பெயர் தாங்கியுள்ளது. செருமானியர் அதை அப்படியே பெயர்த்து அப்பிழையைத் தம் மொழியிலும் நிலைநிறுத்தினர். தமிழின் ‘உயிர்வளி’ அதிலிருந்து தப்பியது. அறை என்னும் பொருளுடைய ‘செல்லா’வின் வழிவந்த செல்லை ‘உயிரணு’ என்றதும் அவ்வகையே. வைரசில் மட்டும் அவ்விழிப்பு தவறியது.

ஒலிபெயர்ப்பை மறுப்போர் மொழித்தூய்மையைக் காரணம் காட்டுவர். ஆயினும் நச்சுயிரியும் கடனே. ஒலியைக் கடன் வாங்க மறுத்துப் பொருளைக் கடன் வாங்கியுள்ளோம். அதுவும் அறிவியல் கைவிட்ட பொருளை. ஒலிக்கடன் வெளிப்படையானது. பொருட்கடன் தமிழுருவில் மறைந்திருப்பதால் ஆய்வுக்கு உட்படாமல் நிலைத்துவிடுகிறது.

முடிவுரை

துறைநூல்களிலும் பாடநூல்களிலும் ‘வைரசு’ என்பதையே அடிச்சொல்லாகக் கொள்வது தக்கது என்பது இக்கட்டுரையின் துணிபு. திசைச்சொல்லுக்கு இடம் வகுத்த தொல்காப்பிய மரபுக்கு இது முரணன்று. ‘வைரசு’ குற்றியலுகர ஈறு பெற்றுத் தமிழ் ஒலியமைப்புக்கு இசைந்து நிற்கிறது. வைரசை, வைரசால், வைரசுகள் என உருபும் பன்மையும் ஏற்கிறது. உயிர்முதற்சொல் வரின் உகரம் கெட்டு ‘வைரசியல்’ எனப் புணர்கிறது. கிரந்த எழுத்தும் தேவையில்லை. நோய் விளைக்கும் வைரசைப் பொதுமக்களுக்கு உணர்த்தும் இடத்தில் ‘தீநுண்மி’ விளக்கச்சொல்லாக நிற்கலாம். ‘நச்சு’ என்பது நச்சுப்பொருளுக்கே உரியதாதல் வேண்டும்.

கலைச்சொல் அகராதிகளுக்கும் ஒரு நடைமுறை இதனின்று பெறப்படும். மூலச்சொல்லின் வேர்ப்பொருளையும் துறையின் இன்றைய வரையறையையும் ஒவ்வொரு பதிவிலும் தனித்தனியே தருதல் வேண்டும். இரண்டும் மாறுபடுமிடத்துத் தமிழ்ச்சொல் வரையறையைத் தழுவுகிறதா எனச் சொல்லறிஞரும் துறையறிஞரும் ஒருங்கே அமர்ந்து சோதித்தல் வேண்டும். வேர்ச்சொல்லாய்வு ஒரு சொல் கடந்து வந்த வழியைக் காட்டும். அதன் இன்றைய பொருளைத் துறையே வரையறுக்கும்.