வானிலே புகை, மணலிலே தாகம்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், தமிழக எல்லையை உரசிக்கொண்டு கிடக்கும் ஒரு சிற்றூரில் பிறந்தவன் நான். கிழக்கே கோவை, அதற்கும் அப்பால் சூலூர் விமானப்படைத் தளம். ஜெட் விமானத்தின் இரைச்சல் எங்கள் தென்னந்தோப்புகளுக்குப் புதிதன்று. ஆயினும் அந்த விமானங்களைப் பற்றி எங்கள் ஊரார் அறிந்தது இரைச்சல் ஒன்றைத்தான்.

என் தாய்வழி ஊர் இடுக்கி மாவட்டத்து மறையூர். அங்கே ஒரு நாள் கரும்புக் காட்டு வரப்பில் நின்றபடி, வானத்திலே நீண்ட வெள்ளைக் கோட்டைக் காட்டி என் அம்மாயி கேட்டார்: "ஏங் கண்ணு, அம்புட்டு உசரத்துல போறவன் எதுக்குப் புகை உட்டுட்டுப் போறான்?"

விஞ்ஞான மாணவன் என்று பெயர். விடை தெரியாமல் விழித்தேன். பின்னர்தான் படித்தறிந்தேன். அது புகையே அன்று. சுமார் 10,000 மீட்டர் உயரத்துக் கடுங்குளிரில், எஞ்சினிலிருந்து வெளிவரும் நீராவி உறைந்து பனித்துகளாகி நிற்கும் கோடு அது. விமானி அதை விடுவதில்லை. அது தானே விழுகிறது. விழாக்களிலே வித்தை காட்டும் விமானங்கள் விடுகின்றனவே, அந்தப் புகைதான் வேண்டுமென்றே செய்யப்படுவது. அதைப் பற்றித்தான் இங்கே பேச வந்தேன்.

2024 அக்டோபர் 6-ஆம் நாள், விமானப்படையின் 92-ஆம் ஆண்டு விழாக் காட்சி சென்னை மெரினாவில் நடைபெற்றது. விடுதித் தோழர்கள் நால்வர் இரவு ரயிலில் கிளம்பினோம். காலை 11 மணி முதல் 1 மணி வரை காட்சி. சூரியகிரண் குழுவின் ஒன்பது ஹாக் விமானங்கள் ஒரே கரத்தின் விரல்கள் போலச் சேர்ந்து வந்து, வெண்புகை கக்கிப் பிரிந்தபோது, என் பக்கத்தில் நின்ற பெரியவர் பதறிப்போய், "தம்பி, எஞ்சின் பத்திக்கிச்சா?" என்றார். சிரிக்காதீர்கள். புகை இருந்தால் நெருப்பு இருக்கும் என்று நமக்குச் சிறு வயது முதல் சொல்லித் தந்திருக்கிறார்கள் அல்லவா?

இங்கே நெருப்பு இல்லை. மழைக்காலத்தில் பஞ்சாயத்து ஆட்கள் கொசு மருந்துப் புகை அடிக்க வருவதைப் பார்த்திருப்பீர்கள். தோளில் தொங்கும் அந்தக் குழாய் யந்திரத்தில் மருந்தை டீசலில் கலந்து வைத்திருப்பார்கள். யந்திரத்தின் சூடான வாயு வெளியேறும் வழியில் அக்கலவை சொட்டும், சொட்டியதும் ஆவியாகும், வெளிக்காற்று பட்டதும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாகக் குளிர்ந்து வெள்ளையாகப் பரவும். சாகச விமானத்திலும் இதே கதைதான். எஞ்சினுக்குள் எதையும் ஊற்றுவதில்லை. பின்புறக் குழாயின் வாயிலில், சுமார் 400 பாகை வெப்பத்தில் சீறும் வாயுவின் மீது டீசலைப் பீய்ச்சுகிறார்கள். அது தீப்பற்றுமுன் ஆவியாகிக் குளிர்ந்த காற்றில் போய் விழுந்து மூடுபனியாகிறது. மூணாற்றிலே காலையில் தேயிலைச் சரிவை மறைக்கும் பனிமூட்டத்துக்கும் இதற்கும் வேறுபாடு, அது நீர்த்துளி, இது எண்ணெய்த்துளி என்பதுதான். டீசலோடு சாயம் கலந்தால் வண்ணப் புகை. அமெரிக்கக் கடற்படையின் புளூ ஏஞ்சல்ஸ் குழு டீசலுக்குப் பதில் பாரஃபின் வகை எண்ணெயைப் பயன்படுத்துகிறது.

சரி, எதற்காக இந்தப் புகை? அழகுக்காக என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். அழகு அதன் இரண்டாவது வேலை. எதிரெதிர்த் திசையில் விரையும் இரு விமானங்கள், ஒன்றின் இருப்பிடத்தை மற்றொன்று கண்டுகொள்ள வேண்டும். பிரிந்து போனவர்கள் மீண்டும் வந்து சேர வேண்டும். பரந்த வானில் ஒரு சிறு விமானம் எள்ளளவு. அதன் பின்னே நீளும் வெண்கோடு மைல் கணக்கில் தெரியும். காற்று எப்பக்கம் அடிக்கிறது, எவ்வளவு வேகம் என்பதையும் புகை சாய்வதைக் கொண்டே தலைமை விமானி கணிக்கிறார். மறையூரில் வெல்லம் காய்ச்சும் கொட்டகையின் புகையைப் பார்த்துக் காற்றைச் சொல்லுகிறவர்கள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வளர்ந்த எனக்கு இது விளங்க அதிக நேரம் பிடிக்கவில்லை.

அது எத்தனை ஆபத்தான தொழில் என்பதையும் மறந்துவிடக் கூடாது. 1996-இல் பீதரில் தொடங்கிய குழு அது. முதலில் கிரண் விமானங்கள். 2011-இல் நிறுத்தப்பட்டுப் பின் ஹாக் விமானங்களுடன் 2015-இல் மீண்டும் எழுந்தது. 2019 பிப்ரவரி 19 அன்று பெங்களூருக்கு அருகே எலகங்காவில் ஒத்திகையின்போது இரு விமானங்கள் மோதி, விங் கமாண்டர் சாகில் காந்தி உயிர் நீத்தார். ஆகவே, "ஏழை நாட்டில் டீசலை வானத்தில் ஊற்றுவதா?" என்று விடுதியில் வாதிடும் என் நண்பருடன் நான் உடன்படவில்லை. அந்தத் துளிகள் கடைசியில் கடலிலும் மண்ணிலும்தான் இறங்குகின்றன. அது தூய்மையான பொருள் என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் விழா என்று ஒன்று நடக்குமானால், புகையை மட்டும் வீண்செலவு என்று நீக்குவது, பேருந்தை ஓடவிட்டு விளக்கை அணைப்பது போலாகும்.

என் மனத்தை அரிப்பது வேறொரு கணக்கு. பிரிட்டனின் ரெட் ஆரோஸ் குழுவும் ஹாக் விமானத்தையே ஓட்டுகிறது. அதன் வயிற்றடியில் தொங்கும் தொட்டியில் வெள்ளைப் புகைக்குச் சுமார் 225 லிட்டர் டீசல், நீலத்துக்கும் சிவப்புக்கும் தலா 45 லிட்டர் சாயக் கலவை. வெள்ளை 5 நிமிடம், வண்ணம் ஒவ்வொன்றும் 1 நிமிடம், அவ்வளவுதான். இருபது நிமிடத்துக்கும் மேல் நீளும் காட்சிக்கு ஏழே நிமிடப் புகை! தலைவர் குரல் கொடுக்கும் நொடியில் திறந்து, மறு குரலில் மூட வேண்டும். ஒரு நொடி வீணானால், தேவைப்படும்போது இராது.

வானத்தில் இவ்வளவு கணக்கு. கீழே?

அன்று மெரினாவில் கூடியோர் ஏறத்தாழ 15 லட்சம் என்றார்கள். நிழல் இல்லை. உச்சி வெயில். காட்சி முடிந்ததும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சாலைக்கும் பறக்கும் ரயில் நிலையங்களுக்கும் திரும்பினோம். ஒரு மிடறு தண்ணீருக்காக நாங்கள் நடந்த தூரம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. புகையைப் பார்த்துப் பதறிய அந்தப் பெரியவரை மறுபடி காணவில்லை. நலமாக வீடு சேர்ந்திருப்பார் என்றே நம்புகிறேன். ஐந்து பேர் வீடு திரும்பவில்லை. ஏற்பாடுகள் இருந்தன என்று பிறகு சொன்னார்கள். இருந்திருக்கலாம், போதவில்லை.

ஆளுக்கு ஒரு லிட்டர் என்றால் 15 லட்சம் லிட்டர் தண்ணீர். 12,000 லிட்டர் பிடிக்கும் லாரிகள் 125 போதும். இதற்கு உயர் கணிதம் வேண்டுமா? எட்டாம் வகுப்புப் பையன் போடும் வகுத்தல் கணக்கு. ஒன்பது விமானங்களின் புகையை நொடி நொடியாக அளக்கத் தெரிந்த நாட்டில், இந்தக் கணக்கைப் போட ஆள் இல்லையா? "குடையும் தண்ணீரும் கொண்டு வரச் சொன்னோமே" என்கிறார்கள் சிலர். விமானியிடம் "உன் புகையை நீயே கொண்டு வா" என்று எவராவது சொல்வதுண்டா?

நம் சங்கம் அடுத்த ஆண்டு ஒரு விமானக் காட்சிக்கு மாணவர்களை அழைத்துச் செல்ல எண்ணுவதாகக் கேள்வி. நான் இப்போதே பெயர் கொடுத்துவிடுகிறேன். நிழல் எங்கே, தண்ணீர் எங்கே, திரும்பும் வழி எது என்பதைச் செயலாளர் முன்கூட்டியே எழுதி வாங்கி அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். உட்கார ஓர் இடம் உண்டென்றால் மறையூரிலிருந்து அம்மாயியையும் கூட்டி வருவேன். அவர் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் விடை சொல்லவில்லை.