வெங்காய வேரும் வெத்திலை வட்டாவும்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் வெத்திலை வட்டா இருப்பவர்கள் கட்டாயம் முழுதாக வாசியுங்கள்.

போன கிழமை பத்தாந்தரத்துக்குக் கலப்பிரிவு படிப்பித்தேன். ஒரு கலம் இரண்டாகும், இரண்டு மகட்கலங்களிலும் தாய்க்கலத்தில் இருந்த அதே எண்ணிக்கை நிறமூர்த்தங்கள் இருக்கும், மனிதருக்கு 46, வெங்காயத்துக்கு 16. பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். பின்வாங்கிலிருந்து ஒரு மகள் எழும்பிக் கேட்டாள்: "டீச்சர், புற்றுநோயும் இப்படிப் பிரியிறதுதானே? அப்ப எங்கட மூத்தம்மாக்கு அது ஏன் வாயில வந்த?"

வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது. அந்தச் சொல்லை நம் ஊரில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. "அந்த வருத்தம்" என்போம். நான் அரைகுறையாக ஏதோ சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கலம் இரண்டாவதைப் பாணை இரண்டாக வெட்டுவது போல நினைத்துவிடுகிறோம். அது அப்படியல்ல. 1882இல் வால்தர் பிளெமிங் என்ற ஜேர்மன் விஞ்ஞானி, சலமந்தர் குடம்பிகளின் கலங்களுக்குச் சாயமேற்றிப் பார்த்து, கருவுக்குள் இழை இழையாக ஏதோ தோன்றிப் பிரிவதை வரைந்து வைத்தார். "இழையுருப்பிரிவு" என்று நாங்கள் பாடமாக்கும் பெயரே அந்த இழைகளிலிருந்து வந்ததுதான். சாயத்தை நன்றாகப் பிடித்ததால் நிறமூர்த்தம். இதைச் சொன்னதும் பிள்ளைகளுக்குப் பெயர் மறப்பதில்லை, ஆனால் புத்தகத்தில் யாரும் இதைச் சொல்வதில்லை.

பிரிவதற்கு முன் ஒவ்வொரு நிறமூர்த்தமும் தன்னைப் போல ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, இரட்டையாக ஒட்டி நிற்கும். கலத்தின் இரண்டு முனைகளிலிருந்தும் மெல்லிய புரதக் குழாய்கள் நீண்டு வந்து அவற்றைப் பிடிக்கும். இல்ல விளையாட்டுப் போட்டியில் கயிறிழுத்தல் பார்த்திருப்பீர்கள். நடுவில் கட்டிய துணி அசையாமல் நிற்கும், இரண்டு பக்கமும் கயிறு விறைப்பாக இருக்கும். அதேபோல 46 இரட்டைகளும் நடுவரிசைக்கு வந்து, ஒவ்வொன்றும் இரண்டு பக்கமும் விறைப்பாகப் பிடிக்கப்பட்ட பிறகுதான் விசில் அடிக்கும். ஒன்றே ஒன்று பிடிபடாமல் மிதந்தாலும் கலம் காத்திருக்கும். சுப்ஹானல்லாஹ், கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்குள் இவ்வளவு ஒழுங்கு! விசில் அடித்ததும் இரட்டைகள் பிரிந்து, ஒவ்வொரு முனைக்கும் சரியாக 46 போய்ச் சேரும்.

"எல்லாம் சரியா என்று பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதே" என்ற இந்தச் சோதனைச் சாவடிகளைக் கண்டவர்களில் ஒருவர் லீலண்ட் ஹார்ட்வெல். பேக்கரியில் பாணுக்குப் போடும் ஈஸ்ட்டை வைத்துத்தான் அவர் இதைப் படித்தார். போல் நர்ஸ், டிம் ஹன்ட் ஆகியோருடன் 2001இல் நோபல் பரிசும் கிடைத்தது.

இனி அந்த மகளின் கேள்வி. சோதனைச் சாவடிக்கான கட்டளைகளும் நிறமூர்த்தத்தில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. அந்த எழுத்து கெட்டுப்போனால், நில் என்றாலும் நிற்காத கலம் உருவாகிறது. கன்னத்தின் உட்பக்கத் தோல் ஓயாமல் பிரிந்து புதுப்பிக்கப்படும் இடம். தவறிக் கடித்த புண் சுறுக்காக ஆறுவது அதனால்தான். அந்த இடத்திலேயே தினமும் பாக்கையும் சுண்ணாம்பையும் போயிலையையும் மணிக்கணக்கில் அடக்கி வைத்தால்? புண்படுகிறது, அதை ஆற்றக் கலங்கள் பிரிகின்றன, மறுபடி புண்படுகிறது. எழுத்தும் கெடுகிறது. ஒவ்வொரு பிரிவிலும் அந்தப் பிழை பிரதியாகிறது.

"நான் போயிலை போடுறல்ல, பாக்கு மட்டும்தான்" என்று பெருமையாகச் சொல்பவர்கள் நம்மிடம் நிறையப் பேர். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இலேயே சொல்லிவிட்டது: பாக்கு தனியாகவே மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும். இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். ஆண்களைப் பற்றித்தான் பேச்சு, ஆனால் நம் கல்யாண வீடுகளில் வட்டாவைச் சுற்றி உட்காருவது யார் என்று நமக்குத் தெரியும்.

என் மூத்தம்மாவும் அப்படித்தான். கன்னத்துக்குள் வெள்ளையாக ஒரு படை இருந்தது. சுண்ணாம்பு சுட்டதென்று சொல்லிக்கொண்டே இருந்தா. அப்போது நான் கல்வியியற் கல்லூரி மாணவி. கலப்பிரிவுப் படத்தை ஐந்து நிறத்தில் கீறி நல்ல புள்ளி வாங்கியவள். வீட்டிலிருந்த வாயை ஒரு தடவையாவது டோர்ச் அடித்துப் பார்க்கத் தோன்றவில்லை. மஹரகமைக்கு பஸ் ஏறியபோது பிந்திவிட்டது.

வாயைப் பார்க்கப் பெரிய மெஷின் எதுவும் தேவையில்லை. நம் நாட்டிலேயே ஆரம்ப சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கிராமங்களில் வாயைப் பார்க்கவைத்து, முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம் என்று காட்டிய ஆய்வு 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வந்தது. வெள்ளை அல்லது சிவப்புப் படை, இரண்டு மூன்று கிழமையாகியும் ஆறாத புண், வாயை முன்போல அகலத் திறக்க முடியாமை. இதில் ஒன்று இருந்தாலும் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். நேரத்தோடு கண்டால் சின்னச் சத்திரசிகிச்சையோடு முடிய நிறைய வாய்ப்பு இருக்கிறது.

"மருந்தேத்தினா முடி கொட்டும், வேணாம்" என்று மறுப்பவர்களுக்கும் ஒன்று. நம் மணல் தரையில் தானாக முளைக்கும் பட்டிப்பூ தெரியுமல்லவா? அதிலிருந்து எடுக்கும் வின்கிறிஸ்டின், பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு உலகெங்கும் கொடுக்கப்படும் மருந்து. அந்தக் கயிறுகளைக் கட்டவிடாமல் செய்வதுதான் அதன் வேலை. கயிறில்லாமல் விசில் அடிக்காது, கலம் பிரியாது. வேகமாகப் பிரியும் கலங்களைத் தாக்கும் இப்படிப்பட்ட மருந்துகளில் பல, மயிர்வேரின் கலங்களையும் விட்டுவைப்பதில்லை. முடி கொட்டுவது அதனால்தான். மருந்து முடிந்ததும் பெரும்பாலும் திரும்ப முளைக்கும். (தயவுசெய்து யாரும் பட்டிப்பூவை அவித்துக் குடிக்க வேண்டாம். அது நஞ்சு. நூற்றுக்கணக்கான கிலோ இலையிலிருந்து கிராம் கணக்கில் பிரித்தெடுத்து, அளந்து ஏற்றும் மருந்து அது.)

வட்டாவைக் கல்யாணத்திலிருந்து எடுக்கச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், தெரியும். பெரியவர்களுக்குச் செய்யும் மரியாதை என்பீர்கள். ஈச்சம்பழம் வைத்தாலும் மரியாதைதான்.

பாடசாலையில் இருப்பது ஒரே ஒரு நுணுக்குக்காட்டி. நாளைக்கு அதில் வெங்காய வேர் நுனியைப் பிள்ளைகளுக்குக் காட்டப்போகிறேன், மூன்று நாளாக கிளாஸ் தண்ணீரில் வேர் விட்டுக்கொண்டிருக்கிறது. வீட்டுப்பாடமும் முடிவு செய்துவிட்டேன்: மூத்தம்மா, மூத்தப்பாவின் வாயை டோர்ச் அடித்துப் பார்த்து வரவேண்டும். உங்கள் வீட்டுப் பிள்ளை வந்து கேட்டால் வாயைத் திறந்து காட்டுங்கள்.