தபால்வழி விளையாட்டு

விளையாட்டென்றாலே களத்திற் கூடி ஓடியாடுவதென்று நம்மிற் பலர் எண்ணுவர். ஆயின், ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலே தபால் வாயிலாக ஆடும் வழக்கமும் நெடுநாளாக உண்டு. 1824-ஆம் ஆண்டில் இலண்டன், எடின்பரோ நகரங்களின் சதுரங்கச் சங்கத்தார் கடித மூலமாய்த் தொடங்கிய போட்டி, 1828-ஆம் ஆண்டில் எடின்பரோவின் வெற்றியோடு முடிவுற்றது.

இம்முறையைத் தொழிலாகவே கொண்ட அமெரிக்கக் கம்பெனியொன்றின் சரித்திரம் நாம் சிந்திக்கத்தக்கது. ரிக் லூமிஸ் என்பவர் ஹவாய்த் தீவில் இராணுவ சேவையிலிருந்த காலத்தில், 1970-ஆம் ஆண்டில், 'நியூக்ளியர் டிஸ்ட்ரக்ஷன்' என்னும் ஆட்டத்தைத் தபால் மூலம் நடத்தத் தொடங்கினார். 1972-ஆம் ஆண்டில் தம் நண்பர் ஸ்டீவ் மக்ரெகருடன் கூடி, 'பறக்கும் எருமை' எனப் பொருள்படும் 'பிளையிங் பப்பலோ' என்ற கம்பெனியை நிறுவினார். அரிஸோனா இராஜ்யத்து ஸ்காட்ஸ்டேல் நகரில் அது நிலைபெற்றது.

ஆட்டக்காரர் தத்தம் கட்டளைகளை எழுதிக் குறித்த நாளுக்குள் தபாலில் அனுப்புவர். கம்பெனியார் அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அனைவர் கட்டளைகளையும் ஒருங்கே நிறைவேற்றி, விளைவை அச்சிட்டு அவரவர்க்கு அனுப்புவர். இடைக்காலத்தில் ஆட்டக்காரர் தமக்குள் கடிதமெழுதி நட்பும் உடன்படிக்கையும் செய்துகொள்வர். 1976-ஆம் ஆண்டில் தோன்றிய 'ஸ்டார்வெப்' என்னும் ஆட்டத்தில் பதினைவர் ஆடுவர். அதில் போர் ஒன்றே வெற்றிக்கு வழியன்று. வணிகனாக வந்தவன் சரக்கு கொண்டுசென்றும், அரும்பொருள் திரட்டுவோன் அவற்றைச் சேர்த்தும் புள்ளிகள் பெறலாம்.

இஃது வீண்பொழுதன்றோ எனச் சிலர் வினவலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. பணத்தை முன்னரே செலுத்தி, தன் இரகசியக் கட்டளைகளை முகமறியா நடுவர் கையில் ஒப்புவிப்பவன், அந்நடுவரின் நேர்மை ஒன்றையே நம்புகிறான். ஒருவன் கட்டளை மற்றொருவனுக்குக் கசிந்துவிட்டால் ஆட்டமே இல்லை. ஆதலின் இத்தகைய கம்பெனிக்கு நாணயமே முதல், இயந்திரம் அதற்கடுத்ததே.

மற்றொன்று, காத்திருத்தலின் பயன். இன்று கைப்பேசியில் விரலசைத்த மாத்திரத்தில் ஆட்டம் முடிகிறது; தோற்றவன் சினம் ஆறுமுன் அடுத்த ஆட்டம் தொடங்கிவிடுகிறது. தபாலை எதிர்நோக்கியவனுக்கோ தன் நிலையை ஆராயவும், பகைவன் கருத்தை ஊகிக்கவும், சினத்தில் எழுதிய கடிதத்தைக் கிழித்து வேறெழுதவும் அவகாசமிருந்தது. இதனால் நாம் இயந்திரத்தைப் பழிக்கின்றோமல்லோம். அக்கம்பெனியே கம்ப்யூட்டரின் துணையால் வளர்ந்ததன்றோ? ஆனால் அவர்கள் அதனைக் கணக்குப் பிழையாமைக்கும் நடுவுநிலைமைக்கும் பயன்படுத்தினர். சிந்திக்கும் பொழுதை அது கவர்ந்துகொள்ளவில்லை.

மின்னஞ்சல் பரவியபின் தபால்வழி ஆட்டங்கள் பெரிதும் குன்றின. லூமிஸ் 2019-ஆம் ஆண்டில் காலமானார். 2021-ஆம் ஆண்டில் கம்பெனி பிறர் கைக்கு மாறியது. எனினும் அவ்வாட்டங்கள் பழக்கிய நிதானம் தபாற்பெட்டியோடு மறையவேண்டுவதில்லை. நம் மாணவ நண்பர்கள் விவாத மேடையிலாயினும், தேர்தற் போட்டியிலாயினும், நண்பர்க்கு மறுமொழி விடுக்கையிலாயினும், ஓர் இரவு பொறுத்துப் பின் எழுதுவாராயின், பல பிணக்குகள் முளையிலேயே அற்றுப்போம் என்பது நமது துணிபு.