கார் மோட்டாருக்கு காந்தம் மட்டும் போதுமா?

மின்சார கார் வாங்கப் போறீங்களா? பேட்டரியோட மோட்டாரையும் கவனிங்க.

பல கார்களில் இருப்பது நிரந்தரக் காந்தம். அதன் வலிமையை நினைத்தபடி கூட்டவோ குறைக்கவோ முடியாது. அதிவேகத்தில் அதுவே தடையாகிறது.

ஜொகூர், பாரிட் ராஜாவில் உள்ள துன் ஹுசேன் ஓன் மலேசியப் பல்கலைக்கழகத்தில் எர்வான் சுலைமான் குழு ஆராய்ந்த மோட்டாரில் காந்தத்துடன் கம்பிச்சுருளும் உண்டு. சுருளில் பாயும் மின்சாரத்தை மாற்றி, மேடு ஏறும்போது காந்தப்புலத்தைக் கூட்டலாம், நெடுஞ்சாலையில் குறைக்கலாம்.

இதனால நமக்கென்ன? காந்தம் சூட்டில் வலுவிழக்காமல் காக்கும் டிஸ்ப்ரோசியம் உட்பட 7 அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதிக்கு 2025 ஏப்ரலில் சீனா கட்டுப்பாடு விதித்தது. காந்தத் தேவை குறைந்தால் அந்தக் கவலையும் குறையும்.

ஆனால் சுருளுக்கு மின்சாரம் செலவாகும், சூடும் ஏறும். காந்தம் எவ்வளவு, சுருள் எவ்வளவு? அந்தக் கணக்குதான் வடிவமைப்பாளர்களின் சவால்.