எழுத்துக்கு நிழல் போடுமுன்

கடந்த இதழில் போட்டோஷொப் மென்பொருளில் லேயர் எனப்படும் அடுக்குகளைப் பற்றிப் பார்த்தோம். அதை வாசித்த சகோதரி ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். வீட்டிலிருந்தபடியே திருமண அழைப்பிதழ்களும் கேக் விளம்பரங்களும் செய்து கொடுப்பவர் அவர். ஓர் அழைப்பிதழில் மணமக்களின் பெயர்களுக்குப் பொன்னிறமும் நிழலும் கொடுத்து, எல்லா அடுக்குகளையும் ஒன்றாக்கிச் சேமித்துவிட்டார். மறுநாள் பெண் வீட்டார் வந்து மண்டபமும் நேரமும் மாறிவிட்டதாகச் சொன்னார்கள். இரவு முழுக்க விழித்திருந்து முதலிலிருந்தே செய்ய வேண்டியதாயிற்று. அந்த இரண்டாவது வேலைக்குக் கூலி கேட்கவும் வாய் வரவில்லையாம். "இதற்கு ஒரு வழியில்லையா?" என்று கேட்டிருக்கிறார்.

வழி உண்டு, சகோதரிகளே. லேயர் ஸ்டைல் என்பது அதற்காகவே வந்தது.

போட்டோஷொப்பின் முதற் பதிப்பு 1990 இல் வெளியானது. அடுக்குகள் 1994 இல் மூன்றாம் பதிப்போடுதான் வந்தன. அப்பொழுதும் ஓர் எழுத்துக்கு நிழல் வேண்டுமென்றால் அதைப் பிரதி எடுத்து, கறுப்பாக்கி, மங்கலாக்கி, சற்று நகர்த்தி, மூல எழுத்துக்குக் கீழே வைக்க வேண்டும். எழுத்தில் ஒரு திருத்தம் வந்தால் நிழலையும் புதிதாகச் செய்ய வேண்டும். 1998 இல் வந்த ஐந்தாம் பதிப்பில் இந்த வேலையை மென்பொருளே ஏற்றுக் கொண்டது. 2000 ஆம் ஆண்டின் ஆறாம் பதிப்பு எல்லா அலங்காரங்களையும் லேயர் ஸ்டைல் என்ற ஒரே பெட்டிக்குள் கொண்டு வந்தது.

அரபு ஓதிய பிள்ளைகளுக்கு இதை இலகுவாக விளக்கலாம். எழுத்து வேறு, அதன் மேலும் கீழும் இடும் ஹரகத் வேறு. ஹரகத்தை மாற்றலாம், அழிக்கலாம், எழுத்து அப்படியே இருக்கும். லேயர் ஸ்டைலும் அப்படித்தான் அடுக்கின் மீது நிற்கிறது. ஆனால் அடுக்குகளை ஒன்றாக்கிவிட்டாலோ, எழுத்தை ரெஸ்டரைஸ் செய்து படமாக்கிவிட்டாலோ பின்னர் எழுத்தைத் திருத்த முடியாது.

செய்முறைக்கு வருவோம். அடுக்குகளின் பட்டியலில் பெயருக்கு வலப்பக்கம் உள்ள வெற்றிடத்தில் இரு முறை சொடுக்க வேண்டும். பெயரின் மீதே சொடுக்கினால் பெயர் மாற்றும் பெட்டிதான் திறக்கும், பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். திறக்கும் பெட்டியின் இடப்பக்கத்தில் ட்ரொப் ஷெடோ, ஸ்ட்ரோக், பெவல் அன்ட் எம்பொஸ், அவுட்டர் க்ளோ என்று பெயர்கள் வரிசையாக இருக்கும். சிறு கட்டத்தில் அடையாளமிட்டால் அந்த அலங்காரம் இயங்கும், ஆனால் அதன் அளவுகள் தெரிய வேண்டுமானால் பெயரின் மீதே சொடுக்க வேண்டும். பின்னணி அடுக்கு பூட்டப்பட்டிருப்பதால் அதற்கு இவை எதுவும் ஏறாது. முதலில் அதைச் சாதாரண அடுக்காக மாற்றிக் கொள்ளுங்கள்.

முடித்ததும் அடுக்கின் ஓரத்தில் எஃப்எக்ஸ் என்ற அடையாளம் தோன்றும். ஓல்ட் விசையை அழுத்திக் கொண்டு அதை இன்னோர் அடுக்கின் மீது இழுத்துவிட்டால் அதே அலங்காரம் அங்கும் பிரதியாகும். விசையை அழுத்தாமல் இழுத்தால் பழைய இடத்திலிருந்து கழன்று புதிய இடத்துக்குப் போய்விடும். இப்பொழுது மண்டபத்தின் பெயரை மாற்ற வேண்டுமா? எழுத்துக் கருவியால் அந்த வரியில் சொடுக்கிப் புதிய பெயரை அடியுங்கள். பொன்னிறமும் நிழலும் தாமாகவே அதைப் பின்தொடரும். அந்தச் சகோதரியின் ஓர் இரவு வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். எனவே பிஎஸ்டி கோப்பை எப்போதும் உங்களிடம் வைத்துக் கொண்டு, வாடிக்கையாளருக்கு ஜேபெக் பிரதியை மட்டும் அனுப்புங்கள்.

இனி அலங்காரத்தின் அளவு. பத்து அலங்காரங்கள் இருக்கின்றன என்பதற்காகப் பத்தையும் ஒரே பெயருக்குப் போட்டு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். கல்யாணப் பெண்ணுக்கு வீட்டிலுள்ள நகையெல்லாம் ஒரே நாளில் பூட்டியது போலிருக்கும்.

நிழலில் முதலில் அவதானிக்க வேண்டியது வெளிச்சம் வரும் திசை. பெட்டியிலுள்ள கோணம் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லுகிறது. 120 பாகை என்றால் இடது மேற்புறத்திலிருந்து, எனவே நிழல் வலது கீழ்ப்புறம் விழும். குளோபல் லைட் என்ற கட்டத்தில் அடையாளமிட்டால் அதைப் பாவிக்கும் எல்லா அடுக்குகளும் ஒரே கோணத்தை எடுத்துக் கொள்ளும். கேக்கைப் படம் பிடித்தபோது யன்னல் வெளிச்சம் வலப்பக்கமிருந்து வந்திருந்தால் எழுத்தின் நிழலும் இடப்பக்கம் விழ வேண்டும். மாறி விழுந்தால், ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும் பார்ப்பவரின் கண்ணுக்கு ஏதோ பிசகாகவே படும்.

அடுத்தது அச்சு. ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று அமைத்த அழைப்பிதழில் 5 பிக்சல் தூர நிழல் என்பது அரை மில்லிமீற்றரைக்கூட எட்டாது. முழு அழைப்பிதழையும் திரையில் சுருக்கி வைத்துப் பார்க்கும்போது நிழல் போதாது என்று தோன்றும். 40 ஆகக் கூட்டிவிடுவோம். அச்சில் அது மூன்று மில்லிமீற்றருக்கு மேல் போய், எழுத்து காகிதத்தை விட்டு எழும்பி நிற்கும். திரையை 100 வீதத்துக்குக் கொண்டு வந்து நிழலின் ஓரத்தைப் பாருங்கள். வீட்டில் அச்சுப்பொறி இருந்தால் ஒரு தாளில் உரிய அளவிலேயே அடித்துப் பார்ப்பது அதைவிட நல்லது. நிழலின் கருமை 30, 40 வீதம் இருந்தால் போதும் என்பது என் எண்ணம்.

எழுத்துகளைச் சுற்றிக் கோடு போடும் ஸ்ட்ரோக்கில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. தடித்த கோடு அரபு எழுத்துகளின் புள்ளிகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடும், அல்லது எழுத்தின் உடலுக்குள்ளேயே மூழ்கடித்துவிடும். ஜீமின் வயிற்றிலுள்ள ஒற்றைப் புள்ளி மறைந்தால் அது ஹா ஆகிவிடும். ஜமால் என்ற மாப்பிள்ளையின் பெயர் ஹம்மால் என்று வாசிக்கப்படும், அதற்குச் சுமை தூக்குபவர் என்று பொருள். பெரியவர்கள் கூடியிருக்கும் வீட்டில் அந்த அழைப்பிதழ் கைமாறுவதை நினைத்துப் பாருங்கள். தமிழிலும் மெய்யெழுத்தின் புள்ளி அடைபடும், ணகரத்தின் மூன்று சுழியும் னகரத்தின் இரண்டு சுழியும் ஒன்று போலத் தெரியும். கோடு போட்டே ஆக வேண்டுமானால் 300 பிக்சல் அமைப்பில் 3 பிக்சலோடு நிறுத்துங்கள், அது அச்சில் கால் மில்லிமீற்றர். கோட்டை எழுத்துக்கு உட்புறமாக வைத்தால் மெல்லிய எழுத்துகளை அது தின்றுவிடும். பெவல் அன்ட் எம்பொஸ் சிறிய எழுத்துக்கு வேண்டவே வேண்டாம், புள்ளிகளெல்லாம் உருண்டைக் கட்டிகளாகிவிடும்.

இன்னொரு விடயம். அடுக்கைச் சிறிதாக்கும்போது நிழலும் கோடும் தாமாகச் சிறிதாவதில்லை. எஃப்எக்ஸ் அடையாளத்தின் மீது வலது சொடுக்கி, ஸ்கேல் எஃபெக்ட்ஸ் என்பதைத் தெரிவு செய்து அவற்றையும் குறைக்க வேண்டும்.

போட்டோஷொப்புக்கு மாதாமாதம் கட்டணம் செலுத்த இயலாதவர்களுக்கும் வழியிருக்கிறது. இலவச மென்பொருளான கிம்ப், 2025 இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து பின்னர் திருத்தக்கூடிய அலங்காரங்களைத் தருகிறது. இணையத்தில் இயங்கும் போட்டோபீ, பிஎஸ்டி கோப்பைத் திறப்பதோடு லேயர் ஸ்டைல் பெட்டியையும் ஏறக்குறைய அதே வடிவில் வைத்திருக்கிறது. தொழிலைத் தொடங்கும் சகோதரிகள் அதிலேயே பழகலாம்.

மாஸ்க் பற்றிய கேள்விகள் சில சேர்ந்திருக்கின்றன. அவற்றை அடுத்த மாதம் எடுத்துக் கொள்வோம்.