வீட்டாருக்கெல்லாம் ஒரே விசை

வால்வு வானொலிப் பெட்டி வீட்டுக் கூடத்தில் வீற்றிருந்த காலத்தில் அதன் முகப்பில் இரண்டு குமிழ்கள் முதன்மையாக விளங்கின. ஒன்றைத் திருப்பினால் பெட்டி விழித்தெழும். மேலும் திருப்ப ஒலி பெருகும். மற்றொன்றைத் திருப்பினால் கண்ணாடிக்குப் பின்னே முள் நகர்ந்து நிலையம் மாறும். எழுத்தறியாத மூதாட்டியும் பள்ளியில் சேராத சிறுவனும் அவ்விரு குமிழ்களின் இயல்பை ஒரே நாளில் அறிந்துகொண்டனர். பெட்டி தந்தையின் பணத்தில் வாங்கியதாயினும் குமிழ் வீட்டார் அனைவருக்கும் பொதுவாயிருந்தது.

இன்று அப்பெட்டியின் இடத்தில் கம்பியில்லா ஒலிபெருக்கி வந்து அமர்ந்திருக்கிறது. உள்ளங்கையளவுள்ள பெட்டியிலிருந்து கூடம் நிறைய இனிய நாதம் எழுகிறது. இதனைக் குறை கூறுவார் யாருமில்லை. ஆனால் இதன் குமிழ் எங்கே இருக்கிறது? பெரும்பாலான வீடுகளில் அது ஒருவருடைய கைப்பேசிக்குள் இருக்கிறது. ஒலிபெருக்கி வாங்க எண்ணும் குடும்பங்கள் விலையையும் ஒலியின் வலிமையையும் விசாரிக்கின்றன; வீட்டில் யார் யார் அதை இயக்க முடியும் என்று விசாரிப்பதில்லை. அக்கேள்வியையே இம்மாதம் எடுத்துக்கொள்வோம்.

நமது தருமபுரி மாவட்டத்து இல்லங்களில் இக்கேள்வி தனி முக்கியத்துவம் பெறுகிறது. பாலக்கோடு, பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி ஆகிய பகுதிகளிலிருந்து பிள்ளைகள் பலர் பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குச் சென்றுள்ளனர். விடுமுறைக்கு வரும் மகன் பெற்றோருக்கென்று அன்போடு ஓர் ஒலிபெருக்கி வாங்கி வருகிறான். தன் கைப்பேசியோடு அதை இணைத்துப் பாட்டு வைக்கிறான். இரண்டு நாட்கள் வீடு களை கட்டுகிறது. திங்கட்கிழமை விடியலில் அவன் பேருந்து ஏறும்போது ஒலிபெருக்கியின் திறவுகோலும் அவனோடு பேருந்து ஏறிவிடுகிறது. வீட்டில் எஞ்சியிருப்பது துணி போர்த்திய ஓர் ஊமைப் பெட்டி. தருமபுரி வானொலியை 102.5 மெகாஹெர்ட்சு பண்பலையில் கேட்க விரும்பும் தாத்தா, பழைய டிரான்சிஸ்டரையே மீண்டும் தேடி எடுக்கிறார்.

அக்காலத்து ஊராட்சி வானொலி அறையின் சாவி ஒருவரிடமே இருந்ததுண்டு. அவர் வெளியூர் போனால் ஊரார் மாலைச் செய்தியின்றிக் கலைய வேண்டியதுதான். அந்நிலை இன்று கூடத்திற்குள்ளேயே வரலாமா? ஒலியைக் கொஞ்சம் குறைக்க வேண்டுமென்றால் மருமகள் மைத்துனனைக் கூப்பிட வேண்டும். மாலைச் செபமாலைக்கு அமரும் நேரத்தில் பாட்டை நிறுத்தப் பாட்டி பேரனைக் கெஞ்ச வேண்டும். இவை சிறு சங்கடங்கள்தாம். எனினும் தம் சொந்த வீட்டிலேயே ஒரு பொருளைத் தொட இன்னொருவர் தயவை நாடி நிற்பது முதியோர் உள்ளத்தை மெல்ல மெல்லச் சுருங்கச் செய்யும். ஆகவே, எல்லோர் கைக்கும் எட்டக்கூடிய எளிய ரிமோட் ஒன்று வீட்டிற்கு அவசியம் என்பதே நமது துணிபு.

ரிமோட்டின் வரலாறும் நமக்குப் பாடம் புகட்டுகிறது. அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம் 1950ஆம் ஆண்டு தொலைக்காட்சிக்கு நீண்ட கம்பியுடன் கூடிய ஒரு விசைக் கருவியை விற்றது. கம்பி காலைத் தடுக்கியது. 1955இல் யூஜின் பாலி என்னும் பொறியாளர் ஒளிக்கற்றையால் இயங்கும் கருவியை அமைத்தார்; சன்னல் வழியே வந்த வெயிலும் அலைவரிசையை மாற்றிவிட்டது. 1956இல் ராபர்ட் ஆட்லர் அமைத்த கருவியில் பேட்டரியே இல்லை. பொத்தானை அழுத்தினால் சிறு சுத்தி ஒன்று அலுமினியத் தண்டைத் தட்டும். மனிதச் செவிக்கு எட்டாத அவ்வொலியைத் தொலைக்காட்சி கேட்டுக் கீழ்ப்படியும். பேட்டரி தீர்ந்தால் பெட்டியே பழுதாயிற்று என்று வாங்கியவர் எண்ணிவிடுவார் என்பதற்காகவே பேட்டரியைத் தவிர்த்தனர். பயன்படுத்துவோரின் இயல்பை அறிந்து கருவியை அமைத்த அந்த அக்கறை நாம் கவனிக்கத்தக்கது.

இனி, இன்றைய கருவிகளில் கட்டளை எவ்வழியே செல்கிறது என்பதைச் சற்று நோக்குவோம். இதனை அறிந்தால் கடைக்காரர் கூறுவதை எடைபோட இயலும்.

முதல் வழி அகச்சிவப்பு ஒளி. தொலைக்காட்சி ரிமோட் இவ்வகையைச் சேர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒளி நொடிக்கு ஏறக்குறைய 38,000 முறை மினுங்கிக் கட்டளையைச் சுமந்து செல்கிறது. சுவரை அது ஊடுருவாது. பெட்டியை நோக்கிப் பிடிக்க வேண்டும். இதற்குக் கைப்பேசியும் வேண்டாம், இணையமும் வேண்டாம். ரிமோட் வேலை செய்கிறதா என்று ஐயம் எழுந்தால், அதன் முனையைக் கைப்பேசிக் கேமராவின் முன் பிடித்துப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். பல கைப்பேசிகளின் திரையில் மங்கிய ஒளி தென்படும்.

இரண்டாவது வழி புளூடூத் என்னும் வானலை. ஏறக்குறைய பத்து மீட்டர் தூரத்திற்குள் இது இயங்கும். இங்கே ஒரு நுட்பத்தை மறவாதிருங்கள். பாட்டு இருப்பது கைப்பேசியில். ஒலிபெருக்கி அதைக் கேட்டு ஒலிக்கிறது. சந்தையில் கிடைக்கும் சிறு புளூடூத் பொத்தான் கருவிகளில் பெரும்பாலானவை கைப்பேசியோடு இணைபவை, ஒலிபெருக்கியோடு அல்ல. கைப்பேசி பெங்களூர் சென்றுவிட்டால் அப்பொத்தானும் உயிரற்றதாகும். இதை அறியாது வாங்குவோர் பணத்தை வீணாக்குவர்.

மூன்றாவது வழி வை-ஃபை. பல அறைகளில் உள்ள ஒலிபெருக்கிகளை ஒன்றாக இசைவிக்க இது உதவும். பாட்டை இணையத்திலிருந்து ஒலிபெருக்கியே நேராகப் பெறுவதால், தொடங்கிவைத்தவரின் கைப்பேசி வெளியே போனாலும் பாட்டு நிற்பதில்லை. ஆயினும் மின்சாரம் நின்று மோடம் அணைந்தால் இணையப் பாட்டும் நின்றுவிடும். இயக்குவதற்கும் பெரும்பாலும் ஒரு செயலியையே நம்ப வேண்டியிருக்கிறது. வாயால் கட்டளையிட்டு இயக்கும் பெட்டிகளும் உள. அவற்றிற்கும் இணையம் வேண்டும்; நம் முதியோரின் பேச்சுத் தமிழை அவை புரிந்துகொள்ளுமா என்பதைக் கடையிலேயே முதியோரைப் பேசச் சொல்லிச் சோதித்தறிவது நலம்.

செயலியையே முழுவதும் நம்புவதில் உள்ள இடரை ஓர் அயல்நாட்டு நிகழ்ச்சி தெளிவாகக் காட்டுகிறது. அமெரிக்காவில் 2002இல் தோன்றிய சோனோஸ் நிறுவனம், பல அறைகளுக்கான கம்பியில்லா ஒலிபெருக்கிகளில் பெயர் பெற்றது. 2005இல் அது வெளியிட்ட முதல் அமைப்போடு, சுழலும் வட்டும் பொத்தான்களும் கொண்ட கையடக்கக் கருவி ஒன்றும் வந்தது. வீட்டிலுள்ள எவரும் அதை எடுத்து இயக்கலாம். கைப்பேசி பெருகவே, 2012இல் நிறுவனம் தன் கைக்கருவிகளின் விற்பனையை நிறுத்தியது. 2018இல் அந்த முதற்கருவிக்கான ஆதரவையும் விலக்கிக்கொண்டது. பின்னர் 2024 மே மாதம் செயலியை முற்றிலும் மாற்றி வெளியிட்டது. உறக்க நேரத்தில் தானே நிறுத்தும் வசதி முதலிய பழகிய வசதிகள் பல அதில் காணப்படவில்லை. பார்வையற்றோர் திரையைக் கேட்டு இயக்கும் வசதியும் குலைந்தது. எழுந்த கண்டனத்தின் விளைவாக நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2025 சனவரியில் அதன் தலைமை அதிகாரியும் பதவி விலகினார். அவ்வீடுகளில் ஒலிபெருக்கிகள் ஒன்றும் பழுதாகவில்லை. நேற்றுவரை நன்றாகவே ஒலித்தன. எங்கோ ஓர் அலுவலகத்தில் எடுத்த முடிவினால் வீட்டார் தம் பொருளையே இயக்கத் தடுமாறினர். பொத்தான் உள்ள ரிமோட் கையிலிருந்தால் இத்தகைய தடுமாற்றம் வெகுவாகக் குறையும்.

நம் நாட்டிலேயே இதற்கு மாறான நல்லதோர் எடுத்துக்காட்டும் உண்டு. பழைய இசைத்தட்டு நிறுவனமாகிய எச்.எம்.வி.யின் வழிவந்த சரிகமா நிறுவனம் 2017இல் 'கேரவான்' என்னும் பெட்டியை வெளியிட்டது. பழைய வானொலியைப் போன்ற தோற்றம். முகப்பில் பெரிய குமிழ். உள்ளே முன்பே பதித்த 5,000 இந்திப் பாடல்கள். பின்னர்த் தமிழ்ப் பாடல்களுக்கெனவும் தனிப் பதிப்பு வந்தது. கைப்பேசியோ இணையமோ இன்றிப் பாடகர் வாரியாகப் பாடல்களைத் தேர்ந்து கேட்கலாம், வானொலியும் கேட்கலாம், விரும்புவோர் கைப்பேசியையும் இணைக்கலாம். மூத்த வயதினர் அதைப் பெரிதும் விரும்பி வாங்கினர். புதுமை அவர்களுக்கு வெறுப்பன்று. கைக்குப் பழகிய குமிழோடு வந்த புதுமையை அவர்கள் மகிழ்ந்தே ஏற்றனர்.

ஆகவே, ஒலிபெருக்கியோ அதற்குரிய ரிமோட்டோ வாங்கப் புறப்படும் குடும்பங்கள் கீழ்க்கண்டவற்றைக் கருத்திற் கொள்ளட்டும்.

முதலாவது, கடையிலேயே இணைத்த கைப்பேசியை அணைத்துவிடச் சொல்லுங்கள். அதன் பிறகு அப்பெட்டி என்ன செய்கிறது என்று பாருங்கள். பண்பலை வானொலியோ, பாடல்கள் பதித்த பென்டிரைவோ, மெமரி கார்டோ ரிமோட்டினால் ஒலிக்கிறதா? ஒலித்தால் அது குடும்பத்துக்கான பெட்டி. ஒலிக்காவிடில் அது ஒருவருக்கான பெட்டி.

இரண்டாவது, பொத்தான்கள் சிலவே இருத்தல் நன்று. இயக்க, நிறுத்த, ஒலி கூட்ட, குறைக்க, அடுத்த பாட்டுக்குச் செல்ல என ஐந்தாறு பொத்தான்கள் ஒரு குடும்பத்திற்குப் போதும். நாற்பது பொத்தான் உள்ள ரிமோட்டை வாங்கிவிட்டீர்களாயின், வேண்டாத பொத்தான்களின் மேல் ஒட்டுத்தாளை ஒட்டி மறைத்துவிடுங்கள். செட்டாப் பெட்டி வந்தபோது தொலைக்காட்சிக்கு இரண்டு ரிமோட்டுகளாகி, முதியோர் எதை எதற்கு அழுத்துவது என்று திகைத்ததை நாம் கண்டோமன்றோ? அத்திகைப்பை மூன்றாவது ரிமோட்டினால் பெருக்க வேண்டாம்.

மூன்றாவது, விரலால் தடவியே பொத்தானை அறிய முடிய வேண்டும். தொலைபேசியின் 5ஆம் எண் பொத்தானில் சிறு புள்ளி ஒன்று மேடாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பார்வைக் குறைவுள்ளோரும் இருளில் தேடுவோரும் அதைக் கொண்டே மற்ற எண்களை அறிகின்றனர். அத்தகைய அடையாளம் இல்லையெனில், நிறுத்தும் பொத்தானின் மேல் ஒரு துளி பசையை இட்டு உலரவிட்டால் போதும்.

நான்காவது, ஒலிபெருக்கியின் மேலேயே பொத்தான்கள் உள்ளனவா என்று பாருங்கள். ரிமோட் தொலைந்த நாளில் அவையே கைகொடுக்கும்.

ஐந்தாவது, மிக முக்கியமானது, பேட்டரி. சிறிய பென்சில் பேட்டரி போடும் ரிமோட்டையே தேர்ந்தெடுங்கள். அது சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும். மெல்லிய சிறு ரிமோட்டுகள் பலவற்றில் நாணயம் போன்ற வட்டமான பட்டன் பேட்டரி இருக்கிறது. குழந்தை அதை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்திற்குள்ளாகவே உட்சதையை அரித்துப் புண்ணாக்கக்கூடும். உயிருக்கே ஆபத்து நேர்ந்ததும் உண்டு. இக்காரணத்தால் அமெரிக்கா 2022இல் தனிச் சட்டமே இயற்றி, குழந்தைகள் எளிதில் திறக்க இயலாதவாறு பேட்டரி அறையை அமைக்க வேண்டுமென்று விதித்தது. திருகாணியால் மூடிய அறை இல்லாத பட்டன் பேட்டரி ரிமோட் குழந்தைகள் உள்ள வீட்டிற்கு வேண்டவே வேண்டாம். பழைய பேட்டரியைக் கழற்றியதும் சன்னல் விளிம்பில் வைத்துவிடாதீர்கள். தீர்ந்துபோன பேட்டரியும் தீங்கு செய்யும். குழந்தை விழுங்கியதாக ஐயம் எழுந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல், தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்லுங்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தே அது எங்கிருக்கிறது என்று அறிவர்.

வாங்கி வந்தபின் வீட்டு ஒழுங்கும் வேண்டும். ரிமோட்டுக்கு ஓர் இடம் குறியுங்கள். கூடத்துச் சுவரில் ஓர் ஆணி, ரிமோட்டில் ஒரு கயிறு. எடுத்தவர் அங்கேயே மாட்ட வேண்டும். சமையலறையிலிருந்து வரும் தாய்க்கும், கைத்தடியூன்றி வரும் தாத்தாவுக்கும் எட்டும் உயரத்தில் அது இருக்கட்டும். தவழும் குழந்தைக்கு எட்ட வேண்டாம். ஒலியின் அளவும் எல்லோரும் கூடி முடிவு செய்ய வேண்டியதே. நம் நாட்டின் 2000ஆம் ஆண்டு ஒலிமாசு விதிகள், குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல் என்றும், இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபல் என்றும் எல்லை வகுத்துள்ளன. அண்டை வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் காய்ச்சலில் படுத்திருப்பவரும் இருக்கக்கூடும் என்பதை எண்ணினாலே அந்த எல்லை தானாக விளங்கும்.

வெளியூரில் பணிபுரியும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். பெற்றோருக்கு ஒலிபெருக்கி வாங்கித் தருவது நற்செயல். ஊருக்குத் திரும்புமுன் உங்கள் கைப்பேசியின் இணைப்பை நீக்கிவிடுங்கள். அம்மாவின் கையில் ரிமோட்டைக் கொடுத்து, நீங்கள் தொடாமல் அருகில் அமர்ந்து, அவரே மூன்று முறை இயக்கி நிறுத்தும்வரை பொறுமையாகப் பார்த்திருங்கள். தாத்தா தவறான பொத்தானை அழுத்தினால் பிடுங்கிக் கொள்ளாதீர்கள். நடை பயிலும் நாளில் நீங்கள் விழுந்தெழுந்தபோது அவர்கள் எத்தனை முறை காத்திருந்தனர்! அரை மணி நேரம் நீங்கள் காத்திருந்து கற்பித்தால், நீங்கள் இல்லாத நாட்களிலும் அந்த வீட்டில் பாட்டு ஒலிக்கும். நிறுத்த வேண்டிய வேளையில் நிற்கவும் செய்யும்.